கன்னத்துத் தழும்பின் நிறம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால், அவர் தண்ணீர் பம்ப் வாங்க வந்தவராக இருக்க முடியாது. பிரேம்நாத்துக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. துண்டை எடுத்து நீட்டியபடியே, "உள்ள வாங்க, உள்ள வாங்க. என்ன காணாமப் போச்சு?" என்று கேட்டுவிட்டார்.

பிரேம்நாத்துக்குப் பிழைப்பு பம்ப் வியாபாரம், ஆசையெல்லாம் துப்பறிவதில். ஆனால் துப்பறிகிற மூளை என்னவோ அவர் மனைவி ரேவதிக்குத்தான் வாய்த்திருந்தது. யாங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். யாங்கூன் தமிழர் வீடுகளில் சங்கிலி தொலைந்தாலும் சரி, சம்பந்தத்தில் சந்தேகம் வந்தாலும் சரி, அவளைத் தேடி வந்துவிடுவார்கள். இதில் பிரேம்நாத்துக்குப் பொறாமை கிடையாது. கார் ஓட்டுவதும், தப்பான ஆளைச் சந்தேகிப்பதும் தன் பங்கு என்று சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

வந்தவர் மரியஜோசப். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் அரிசிக் கடை வைத்திருப்பவர். அங்கே நாலைந்து கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் செபக்கூடத்துக்கு அவர்தான் தலைவர்.

"ஸயாமா, எங்க கறுப்பு மாதா படத்தை மாத்திட்டாங்க" என்றார். ஆசிரியையை அந்த ஊரில் ஸயாமா என்றுதான் அழைப்பார்கள். "நாளைக்குத் திருநாள். இப்போ மாட்டியிருக்கறது போலிப் படம்."

ரேவதி சூடான தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க, அண்ணே."

மரியஜோசப்பின் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். உலகச் சண்டைக்கு முந்திய காலத்தில் ஒரு போலந்துக் கப்பல் தச்சன் காய்ச்சலில் கிடந்தபோது, வீட்டில் வைத்துக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினார். அதற்கு நன்றியாகத் தச்சன் கொடுத்ததுதான் அந்த மரப்பலகைப் படம். போலந்தில் செஸ்டோகோவா என்னும் ஊரின் மடத்தில் இருக்கும் கறுப்பு மாதாவைப் பார்த்து அவனே வரைந்தது. மாதாவின் வலது கன்னத்தில் இரண்டு வெட்டுத் தழும்புகள் உண்டு.

"போன மாசம் சட்டத்துல கரையான் ஏறிடுச்சு. புதுச் சட்டம் போடக் கபீர்கிட்ட குடுத்தேன். கண்ணாடிக் கடைக் கபீர், முப்பது வருஷச் சிநேகிதன். அவன்தான் மாத்திட்டான்" என்றார் மரியஜோசப்.

"எப்படித் தெரியும்?"

"மூணு விஷயம், ஸயாமா. இறக்கும்போது ரெண்டு ஆள் பிடிச்சோம். திரும்பி வந்தப்போ நான் ஒத்தைக் கையால மாட்டினேன். அப்புறம், படத்தோட ஓரம் சுத்தி விரல் அகலத்துக்குப் பளிச்சுன்னு புது பெயின்ட் தெரியுது. மூணாவது, என் பொண்ணு ஏஞ்சலா படத்தைப் போட்டோ எடுத்துப் போலந்துல ஒரு அருங்காட்சியகத்து அம்மாவுக்கு அனுப்பினா. அந்தம்மா பார்த்துட்டு, தழும்பு எங்கேயும் கருஞ்சிவப்பாத்தான் இருக்கும், இதுல மஞ்சளா இருக்கு, இது செஸ்டோகோவா படத்தைப் பார்த்து வரைஞ்சதே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"கபீர் என்ன சொல்றார்?"

"நீ குடுத்ததைத்தான் குடுத்தேன்கறான். பழைய சட்டம் கிணறு மாதிரி ஆழமா இருக்குன்னு அன்னிக்குச் சிரிச்சான். அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும். நாளைக்குத் திருநாள் முடிஞ்சதும் போலீஸுக்குப் போறதுன்னு கூட்டத்துல முடிவு பண்ணிட்டோம். ஊரெல்லாம் பேச்சு ஆயிடுச்சு. அவன் கடையில குடுத்த வேலையை ரெண்டு மூணு பேர் திருப்பி வாங்கிட்டாங்க."

பிரேம்நாத் ஏற்கெனவே கார்ச் சாவியை எடுத்திருந்தார்.

பாகோ ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் மழையில் ஊர்ந்துகொண்டிருந்தன. சும்மா இருக்க முடியாத பிரேம்நாத், பின்சீட்டில் இருந்த மரியஜோசப்பைக் கண்ணாடியில் பார்த்து, தழும்பு எப்படி வந்தது என்று கேட்டார்.

"சுவீடன்காரன் வாளால வெட்டினது! ஆயிரத்து அறுநூத்தி அம்பத்தஞ்சுல படையெடுத்து வந்தான் பாருங்க, அப்போ. நாளைக்குத் திருநாள் பிரசங்கமே அதைப் பத்தித்தான் பேசலாம்னு இருந்தேன்."

ரேவதி ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டாள். அந்த மாதிரி அவள் வாயை மூடினால் எங்கோ ஒரு முடிச்சு இருக்கிறது என்று அர்த்தம். பிரேம்நாத்துக்கு அது மட்டும் தெரியும். முடிச்சு எங்கே என்பதுதான் ஒருநாளும் தெரிந்ததில்லை.

"ஏன் ரேவு, சுவீடன்காரனுக்குப் போலந்துல என்ன வேலை?"

"பாதி பங்காளிச் சண்டைங்க. ரெண்டு ராஜாவும் ஒரே வம்சத்துச் சொந்தம். போலந்து ராஜா, சுவீடன் சிம்மாசனமும் எனக்குத்தான்னு பட்டத்தை விடாமப் போட்டுக்கிட்டிருந்தார். அது சண்டைக்கு ஒரு சாக்கு. உண்மையான ஆசை பால்டிக் கடற்கரைத் துறைமுகத்து மேலயும், அங்க வர்ற சுங்கத்து மேலயும். போலந்து அப்போ கொசாக் குதிரைவீரர்கள் கலகத்துலயும் ரஷ்யப் படையெடுப்புலயும் அடிபட்டுக் கிடந்துச்சு. பெரிய பிரபுக்கள்ல பல பேர் ஒரு குண்டுகூடச் சுடாமச் சரணடைஞ்சிட்டாங்க. அதனால சுவீடன் படை தண்ணி மாதிரி உள்ள பரவிடுச்சு. அங்க இன்னமும் அந்தச் சண்டையைப் பெருவெள்ளம்னுதான் சொல்றாங்க."

"வெள்ளம்னா நம்ம கடையில ரெண்டு பம்ப் வாங்கியிருக்கலாமே" என்றார் பிரேம்நாத். மனைவி சிரிக்கவில்லை. மரியஜோசப் மரியாதைக்குச் சிரித்தார்.

"அஞ்சு வருஷம் ஊரைச் சூறையாடினாங்க. புத்தகம், ஓவியம், பளிங்குத் தூண், எல்லாத்தையும் படகுல ஏத்தினாங்க. சில படகு ஆத்துலயே மூழ்கிடுச்சு. இப்போ சில வருஷத்துக்கு முந்தி அந்த ஆறு வத்தினப்போ பளிங்கெல்லாம் வெளிய தெரிஞ்சுது."

"மாதா இருக்கற மடத்தை மட்டும் பிடிக்க முடியல" என்று மரியஜோசப் உற்சாகமாக உள்ளே புகுந்தார். "சாமியாருங்க புத்திசாலிங்க. சுவீடன்காரன் வர்றதுக்கு முன்னாடியே மூலப்படத்தை வெளியூருக்கு அனுப்பிட்டு நகலை மாட்டி வெச்சிட்டாங்க. தச்சன் தாத்தாகிட்ட சொன்னது, தாத்தா அப்பாகிட்ட சொன்னது. மடம் தாக்குப்பிடிச்ச சேதி பரவினதும்தான் போலந்து ஜனங்களுக்கு உசிரே திரும்பிச்சாம்."

ரேவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "தாத்தாவுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியுமா?"

"தெரியாமயா? சின்ன வயசுல எங்கப்பாவைத் தூங்கவைக்கறதே இந்தக் கதையைச் சொல்லித்தானாம்."

செபக்கூடம் ஓடு வேய்ந்த ஒற்றை அறை. மரியஜோசப்பின் அக்கா மார்த்தா சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்தார். ஏஞ்சலா காகிதத் தோரணம் வெட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் மாதா கறுத்த முகத்தோடு, யாரிடமும் கோபம் இல்லாதவளைப் போல இருந்தாள். மெல்லிய புதுச் சட்டம், முன்னால் கண்ணாடி. கண்ணாடி ஒரு சின்னக் கதவு மாதிரி கீல் வைத்துத் திறக்கும்படி இருந்தது.

"இது எதுக்கு?" என்று பிரேம்நாத் கீலைத் தொட்டார்.

"தனக்கா பூச" என்றார் மார்த்தா. "புள்ளைங்களுக்குக் காய்ச்சல் விட்டா, தாய்மாருங்க சந்தனம் மாதிரி தனக்காக் கட்டை அரைச்சு மாதா கன்னத்துல, அந்த வெட்டுக் காயத்துல பூசுவாங்க. எரிச்சல் அடங்கட்டும்னு. எங்க பாட்டி ஆரம்பிச்சு வெச்ச பழக்கம். கண்ணாடி போட்டா எப்படிப் பூசறதுன்னு நான் கவலைப்பட்டேன். கபீருதான் கதவு வெச்சுக் குடுத்தான்." கடைசியைச் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்க்காமல் பூவைப் பார்த்தார்.

ரேவதி கைக்குட்டையின் நுனியை நனைத்து, கதவைத் திறந்து, தழும்பை மெல்லத் துடைத்தாள். கைக்குட்டையில் மஞ்சள் ஒட்டியது. இன்னொரு நுனியால் இன்னும் அழுத்தித் துடைத்தாள். இம்முறை துணி சுத்தமாக வந்தது. தழும்பு மட்டும் மஞ்சளாகவே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். கன்னம் வழவழப்பாக இருந்தது.

பிரேம்நாத்தோ வேறு திசையில் பாய்ந்துகொண்டிருந்தார். "ஏம்மா ஏஞ்சலா, நீ படம் வரைவியா?"

"வரைவேன் மாமா. கார்ட்டூன்."

"கொள்ளுத்தாத்தா வழி" என்றார் மரியஜோசப், எதற்கு இந்தக் கேள்வி என்று புரியாமல். "எங்க தாத்தாவோட தம்பி கப்பலுக்கெல்லாம் பேர் எழுதினவர். நாப்பத்திரண்டுல ஜப்பான்காரன் வந்தப்போ நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார். போய்ச் சேரல. தாத்தா அதே வருஷம் குண்டு விழுந்து செத்தார். அப்பாவுக்கு அப்போ ஏழோ எட்டோ வயசு."

பிரேம்நாத் மனைவியைத் தனியே இழுத்து, "பொண்ணுதான். கைக்குப் பக்கத்துல பெயின்ட், கூடத்துச் சாவி, எல்லாம் இருக்கு" என்று கிசுகிசுத்தார். ரேவதி அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எல்லாரும் படத்தோடு கபீரின் கடைக்கு வரவேண்டும் என்றாள்.

கடைவீதியில் கபீரின் கடையில் ஆள் இல்லை. மழையைக் காரணம் சொல்லலாம்; ஆனால் பக்கத்துக் கடைகளில் கூட்டம் இருந்தது. கபீர் முக்காலியில் உட்கார்ந்து வெறும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மரியஜோசப்பைக் கண்டதும் எழுந்தார், பிறகு எதற்கு எழுந்தோம் என்பதுபோல உட்கார்ந்துவிட்டார். பிரேம்நாத்துக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"வாங்க மார்த்தாக்கா" என்று அவரை மட்டும் அழைத்தார் கபீர்.

"கபீர் அண்ணே, அந்தப் பழைய சட்டம் இருக்கா?" என்று ரேவதி கேட்டாள்.

"இருக்கும்மா. மத்தவங்க பொருளை நான் தூக்கிப் போடமாட்டேன். திருநாள் முடிஞ்சு குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

கரையான் அரித்த, கனத்த சட்டத்தைக் கபீர் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். புதுச் சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றச் சொல்லி, அதன்மேல் பழைய சட்டத்தை ரேவதி வைத்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். படத்தின் ஓரத்தில் பளிச்சென்று தெரிந்த பட்டை, பழைய சட்டத்தின் அகன்ற விளிம்புக்குக் கீழே நாலு பக்கமும் கச்சிதமாக மறைந்துவிட்டது.

"பளிச்சுன்னு இருக்கறது புது பெயின்ட் இல்ல. மெழுகுவர்த்திப் புகை படாத பழைய பெயின்ட்" என்றாள் ரேவதி. "நடுப் பாகம் வருஷக்கணக்காப் புகை குடிச்சுக் கறுத்திருக்கு. விளிம்புக்கு அடியில இருந்த பாகம் தப்பிச்சிருக்கு. கபீர் அண்ணன் போட்ட சட்டத்துக்கு விளிம்பு ஒடுக்கம். அதனால இப்போ வெளிய தெரியுது. இந்தப் பலகை பழைய சட்டத்துக்குள்ள ரொம்ப காலம் இருந்தது. அவர் மாத்தவே இல்ல."

மரியஜோசப்பின் முகம் செத்துப்போனது. "அப்போ அந்த மஞ்சள்? போலந்து அம்மா பொய்யா சொன்னாங்க?"

"அவங்க சொன்னது சரிதான். இது செஸ்டோகோவாவைப் பார்த்து வரைஞ்சதில்ல. தன்லியினைப் பார்த்து வரைஞ்சது." ரேவதி கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். "மேல இருந்தது நிஜத் தனக்கா, வந்துடுச்சு. அடியில இருக்கறது மஞ்சள் பெயின்ட். போலந்துல யாரும் மாதா தழும்புக்கு மஞ்சள் பூசமாட்டாங்க. தழும்புல எப்பவும் தனக்காவைப் பார்த்தே பழகின ஒருத்தர், அதுதான் நிறம்னு நெனைச்சு அப்படியே வரைஞ்சிட்டார். அந்தத் தப்பை உங்க கூடத்து ஆளைத் தவிர உலகத்துல வேற யாரும் பண்ண முடியாது. நீலத்தைப் பாருங்க, கப்பல் பெயின்ட் மாதிரி மினுங்குது."

"கொள்ளுத்தாத்தாவோட தம்பி, கப்பலுக்குப் பேர் எழுதினவர்" என்றாள் ஏஞ்சலா மெதுவாக.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஜப்பான்காரன் வர்றான், ஊரே ஓடுது. உங்க கொள்ளுத்தாத்தாவுக்குத் தெரிஞ்ச ஒரே வழி தச்சன் சொன்ன வழி. மூலத்தை மறை, நகலை மாட்டு. தம்பியை விட்டு வரைய வெச்சார். அப்புறம் ரெண்டு பேருமே இல்லாமப் போயிட்டாங்க. சொல்ல ஆள் இல்ல."

"அப்போ மூலம் எங்க?" என்று பிரேம்நாத் கத்தியே விட்டார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு ஆள் தூக்கின படம் ஏன் ஒத்தைக் கைக்கு வந்துச்சு? சட்டம் கனம், அது பாதிக் காரணம். ஆனா சட்டம் ஏன் கிணறு மாதிரி ஆழமா இருந்துச்சு? ஒரு விரல் கனத்துப் படத்துக்கு இவ்வளவு ஆழம் எதுக்கு? கபீர் அண்ணே, படத்துக்குப் பின்னால என்ன இருந்துச்சு?"

கபீர் நெற்றியைச் சொறிந்தார். "முட்டுப் பலகைம்மா. தார்த் துணி சுத்தித் தெச்சிருந்துச்சு. புதுச் சட்டத்துல எடமில்லன்னு எடுத்து வெச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவர் கண் பெரிதானது. உள்ளே ஓடினார்.

துணியின் தையலைக் கபீரே பிரித்தார். ஏஞ்சலா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தார்த் துணி இரண்டு சுற்று, அதற்குள் ஒரு பழைய லோஞ்சித் துணி. அதை விலக்கியதும் உள்ளே இன்னொரு மாதா இருந்தாள். புகை படாத பொன்னிறப் பின்னணி, கறுத்த முகம், கன்னத்தில் கத்தியால் கீறிய இரண்டு தழும்புகள். பள்ளத்தில் காய்ந்துபோன தனக்கா ஒட்டியிருந்தது. அது உதிர்ந்த இடத்தில் கருஞ்சிவப்பு தெரிந்தது.

மார்த்தா சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். அழுகையா சிரிப்பா என்று பிரேம்நாத்துக்குப் புரியவில்லை. அவருக்கே கண் கலங்கியிருந்ததால் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை.

"இத்தனை வருஷமா நகலுக்கா செபம் பண்ணினோம்?" என்றார் மரியஜோசப்.

"மூலமும் பின்னாலயேதான இருந்தாங்க? அதுவும் இல்லாம, சுவீடன் பீரங்கிக்கு முன்னால மடத்துல நின்னதும் நகல்தான், அண்ணே. உங்க பிரசங்கத்துல அதைச் சொல்லுங்க. ஒண்ணை மட்டும் விட்டுடுங்க."

"எதை?"

"தழும்பை. அது சுவீடன்காரன் வெட்டினதில்ல. அவன் வர்றதுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாலயே மடத்துல கொள்ளையடிச்சவங்க வெட்டினது. அவன் பண்ணின அக்கிரமமே ஏராளம். ஆனா ஒருத்தன் மேல கோபம் வந்துட்டா, பண்ணாததையும் அவன் தலையில கட்டிடறோம்." அவள் குரலை உயர்த்தவில்லை. "பெருவெள்ளம் வடிஞ்ச பிறகு போலந்துல ஒண்ணு நடந்துச்சு. சுவீடனுக்குக் கதவு திறந்துவிட்ட பெரிய பிரபுக்கள் பல பேர் மன்னிப்பு வாங்கிட்டுச் சுகமா இருந்தாங்க. வேற வழியில கும்பிட்ட ஒரு சின்னக் கூட்டம் இருந்துச்சு, போலந்துச் சகோதரர்கள்னு பேர். எதிரிக்கு உதவினீங்கன்னு சொல்லி, மதம் மாறு, இல்லைன்னா நாட்டை விட்டுப் போன்னு துரத்திட்டாங்க. தலைமுறை தலைமுறையாப் பக்கத்து வீட்டுல இருந்தவங்க."

மரியஜோசப் மேஜையைச் சுற்றி வந்து கபீருக்கு முன்னால் நின்றார். "கபீரு, நான் மனுசனே இல்லடா" என்றார்.

கபீர் மாதாவைத் துணியில் மறுபடி பதமாகச் சுற்றி மார்த்தாவின் கையில் கொடுத்தார். அவருக்குக் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "ரெண்டு வாரம், ஜோசப்பு. என் பேரப்புள்ளைகிட்ட மத்த புள்ளைங்க கேட்டிருக்கு, உங்க தாத்தா திருடனான்னு."

"நாளைக்குத் திருநாள்ல எல்லார் முன்னாலயும் சொல்றேன். பிரசங்கமே வேணாம், இதைத்தான் சொல்லப்போறேன்."

"நாளைக்கு வேணாம்" என்றார் கபீர். "நாளைக்கு அக்காவுக்கெல்லாம் சந்தோஷமான நாள். அதுல போய் என் கதையைக் கலக்காத. இன்னிக்குச் சொல்லு. யார் யாருகிட்ட நான் எடுத்தேன்னு சொன்னியோ, அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லு."

மரியஜோசப் வெளியே பார்த்தார். மழை இன்னும் வலுத்திருந்தது. அரிசிக் கடைத் தெரு, ஸ்டேஷன் தெரு, கூட்டத்தில் கைதூக்கிய குடும்பங்கள், கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். போகவேண்டிய வாசல்களை எண்ணியபோது அந்தப் பெரிய மனிதர் சின்னப் பையனைப்போல ஒடுங்கிப்போனார். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் படியில் இறங்கினார்.

கபீர் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்.

"இருடா, நானும் வர்றேன்" என்றார். "தனியாப் போனா உனக்கு வெக்கமா இருக்கும்."